ஒட்டிப் பிறந்த ஜோடிகள்!

"மீனா, படம் வரைவதில் கெட்டிக்காரி!" - இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்க்கலாம், குட்டீஸ்.

'மீனா ஈஸ் குட் இன் டிராயிங்' என்றுதானே சொன்னீர்கள்? 'வரைவதில்' என்று தமிழில் இருப்பதால், 'இன்' தானாக வந்து உட்கார்ந்து விடுகிறது. ஆனால், 'குட் அட் டிராயிங்' என்பதே சரி!

தமிழில், ஐ, ஆல், கு, இல் போன்ற வேற்றுமை உருபுகள், பெயருக்குப் பின்னால் ஒட்டிக் கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேலையை, 'பிரிப்போசிஷன்' என்ற குட்டிச் சொற்கள், பெயருக்கு முன்னால் நின்று செய்கின்றன. ஆனால், இந்த உருபுக்கு இந்தச் சொல் என்று கணக்குப் போட முடியாது.

'நாய்க்குப் பயந்தான்' என்கிறோம். 'நாயை வெறுத்தான்' என்கிறோம். ஒரே நாய்தான்; ஓரிடத்தில், 'கு', இன்னோரிடத்தில், 'ஐ!' யோசித்தா பேசுகிறோம்? கேட்டுக் கேட்டுப் பழகியதுதானே! ஆங்கிலமும் அப்படித்தான். பல, 'அட்ஜெக்டிவ்'கள், தமக்கென்று ஜோடியை வைத்திருக்கின்றன. எனவே, இரண்டையும் சேர்த்தே மனதில் பதியுங்கள்.

* அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ் - நாய்களுக்குப் பயம்

* இன்ட்ரஸ்டட் இன் மியூசிக் - இசையில் ஆர்வம்

* ஃபேமஸ் ஃபார் ஜாஸ்மின் - மல்லிகைக்குப் பெயர் பெற்றது. நம் மதுரையைப் போல!

* ஃபுல் ஆஃப் வாட்டர் - தண்ணீர் நிறைந்தது. 'ஃபில்ட்' என்று சொன்னால் மட்டும், 'வித்' வரும்.

* மேரீட் டு - அவரோடு திருமணமானவர். இங்கே, 'வித்' வரவே கூடாது!

'என்னை விடப் பெரிய வகுப்பு' என்று சொல்ல, 'சீனியர் தேன் மீ' என்பது தவறு. 'சீனியர் டு மீ' என்பதே சரி. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. இவற்றோடு, 'டு' தான் சேரும்.

ஜோடி மாறினால், அர்த்தமே மாறி விடும். ஜாக்கிரதை! மாலையில் விளையாடிக் களைத்துப் போனால், 'டயர்ட் ஃப்ரம் பிளேயிங்' என்று சொல்ல வேண்டும். 'டயர்ட் ஆஃப் பிளேயிங்' என்றால், 'விளையாடி அலுத்து விட்டது. இனி வேண்டாம்' என்று அர்த்தம். பி.டி., மாஸ்டரிடம் இப்படிச் சொன்னால், உங்கள் பெயரை அணியிலிருந்தே எடுத்து விடுவார்!

'குட்' என்ற சொல்லும் அப்படித்தான். 'குட் அட்' என்றால் திறமை. 'குட் ஃபார்' என்றால் நன்மை தருவது. கீரை உடம்புக்கு, 'குட் ஃபார்!' 'குட் டு' என்றால் அன்பாக நடந்து கொள்வது.

ஒரு நோட்டு எடுத்து, தினமும் இரண்டு ஜோடிகளை வாக்கியமாக எழுதி, சத்தமாகப் படியுங்கள். ஒரே மாதத்தில், 60 ஜோடிகள் உங்கள் கையில்!

இப்போது, கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்:

1. ஐ ஆம் பிரவுட் ____ மை ஸ்கூல்.

2. ஷி ஈஸ் கைண்ட் ____ அனிமல்ஸ்.

3. ஆர் யு ரெடி ____ தி டெஸ்ட்?

விடைகள்: 1. ஆஃப் 2. டு 3. ஃபார்.