ஒரு பெயர், இரு நிலையங்கள்

ஊருக்குச் செல்ல விமானச் சீட்டு வாங்கியிருப்பின் அதில் 'பி.எல்.ஆர்.' என்னும் மூன்றெழுத்தைக் கண்டிருப்பீர்கள். அது பெங்களூரைக் குறிக்கும். ஆனால் எந்த நிலையத்தை?

2008 மே மாதம் வரை அது எச்.ஏ.எல். நிலையத்தின் பெயர். தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்ததும் பயணியர் விமானங்களோடு அந்த மூன்றெழுத்தும் அங்கே குடிபெயர்ந்தது, நம்மைப் போலவே! இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 28 கிலோமீட்டர்.

தென்னாட்டுப் போக்குவரத்து வலையை ஆராயப் பல ஆண்டு விமான விவரங்களைத் தொகுத்தபோது யான் இதை எண்ணிப் பார்க்கவில்லை. பழைய பயணங்களுக்கும் தேவனஹள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையையே எழுதிவிட்டேன். நகரிலிருந்து நிலையத்தை அடையும் தொலைவு பற்றிய கணக்கு முழுவதும் பிழை. மூன்று வார உழைப்பு வீண்!

நான்கெழுத்துக் குறியீடே கைகொடுத்தது. பழையது வி.ஓ.பி.ஜி.; புதியது வி.ஓ.பி.எல். ஐதராபாத்திலும் இதே கதைதான்: 2008 மார்ச்சில் பேகம்பேட்டையிலிருந்து சம்சாபாத்துக்கு மாற்றம். ஆகவே குறியீட்டின் அருகே 'எந்நாள் முதல், எந்நாள் வரை' என்று இரு பத்திகள் அட்டவணையில் இருந்தே தீர வேண்டும்.

அதுவும் போதாது. என் சேலத்தைப் பாருங்கள். காமலாபுரத்தில் விமான நிலையம் உண்டு என்று பட்டியல் கூறும். ஆனால் 2018இல் தொடங்கிய சென்னை விமானம் 2021இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானங்கள் வந்தன. நிலையம் இருப்பது வேறு, விமானம் வருவது வேறு அல்லவா? இழையில்லா முடிச்சை வலையென்று எப்படிக் கூறுவது? எனவே பயணியர் சேவையை மட்டும் தனி அட்டவணையில் மாதந்தோறும் குறிக்கிறேன். சேலத்தின் 2022ஆம் ஆண்டு வரிசையில் பன்னிரண்டு சுழியங்கள் நிற்கின்றன.