அப்சிடியனுக்கு இன்னொரு சான்ஸ்

இன்னைக்கு அப்சிடியன் பத்திப் பேசலாம். சேலத்துல என்கூட டிஎன்பிஎஸ்சி படிக்கிற செட்டுல பாதிப் பேர் இதை இன்ஸ்டால் பண்ணி, ரெண்டே நாள்ல தூக்கிட்டாங்க. நானும்தான். ஆறு மாசம் கழிச்சு மறுபடி திறந்தேன். இப்போ என் நோட்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு.

முதல் தடவை ஏன் மிரட்டுது? திறந்ததும் வெறும் காலித் திரை. யூடியூப் பக்கம் போனா, ஒருத்தர் முப்பது பிளகின் போட்டு, நட்சத்திரக் கூட்டம் மாதிரி ஒரு வரைபடத்தைக் காட்டுவார். அவர் வருஷக்கணக்கா கட்டின வீடு அது. நாம இன்னும் வாசப்படியிலதான் நிக்கிறோம். அந்த வீடியோவை மூடிட்டுப் பார்த்தா, கத்துக்க வேண்டியது ரொம்பக் கம்மி.

ஷிடா லி, எரிக்கா சூ ரெண்டு பேரும் 2020-ல் கொண்டுவந்த ஆப் இது. நீங்க எழுதுற ஒவ்வொரு பக்கமும் உங்க ஃபோல்டர்லயே சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா சேமிப்பாகும். வரி ஆரம்பத்துல # போட்டு ஒரு இடைவெளி விட்டா, அது தலைப்பு. ஒரு பெயரை [[ ]] குள்ள எழுதினா, அந்தப் பெயருக்கான பக்கத்தோட இணைப்பு. ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

நம்ம ஊரையே எடுத்துக்குவோம். [[ராஜாஜி]] 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். 1925-ல் [[திருச்செங்கோடு]] பக்கத்துல காந்தி ஆசிரமம். 1930-ல் [[வேதாரண்யம்]] உப்பு சத்தியாகிரகம். அந்த நடைப்பயணத்துக்குப் பாட்டு எழுதினவர் [[நாமக்கல் கவிஞர்]]. 1937-ல் சேலம் மாவட்டத்துல [[மதுவிலக்கு]]. அதுல போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் [[விற்பனை வரி]].

புத்தகத்துல இதெல்லாம் வேற வேற பாடம். இங்கே 'மதுவிலக்கு' பக்கத்தைத் திறந்தா, அதைக் குறிப்பிட்ட மத்த பக்கங்களும் 'பேக்லிங்க்' பட்டியல்ல வந்துடும். மெயின்ஸ்ல கேட்கிறது இந்தத் தொடர்பைத்தானே!

தமிழ்ல எழுதுறவங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'ராஜாஜி', 'இராஜாஜி'ன்னு மாத்தி மாத்தி எழுதினா ரெண்டு தனித்தனிப் பக்கம் ஆயிடும். பக்கத்தோட பண்புகள்ல 'அலையஸ்'னு ஒரு இடம் இருக்கு. இன்னொரு எழுத்து வடிவத்தை அங்கே போட்டு வெச்சா, இணைப்பு தேடும்போது ரெண்டும் ஒரே பக்கத்தைக் காட்டும்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேட்பீங்க. மளிகை லிஸ்ட் எழுத கூகுள் கீப் தாராளமா போதும். ஆனா ரெண்டு வருஷப் படிப்பை ஒரு இடத்துல வைக்கிறதா இருந்தா யோசிக்கணும். 2023 டிசம்பர்ல எவர்நோட் இலவசக் கணக்குக்கு 50 நோட்டுன்னு வரம்பு வெச்சிடுச்சு. டெக்ஸ்ட் ஃபைலுக்கு அந்தப் பயம் இல்ல. நாளைக்கே அப்சிடியன் மூடினாலும் சாதாரண நோட்பேடுல உங்க நோட்ஸ் திறக்கும். போனும் லேப்டாப்பும் தானா ஒத்துப்போக அவங்களோட சிங்க் சேவைக்குக் காசு. வேண்டாம்னா ஃபோல்டரை நீங்களே காப்பி பண்ணிக்கலாம். பேக்கப் எடுக்கிறதும் உங்க பொறுப்பு.

மறுபடி முயற்சி பண்றவங்களுக்கு என் யோசனை: ரெண்டு வாரம் ஒரு பிளகினும் வேண்டாம். ஒரே ஃபோல்டர், ஒரு நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு இணைப்பு. பதினாலாவது நாள் பேக்லிங்க் பட்டியலைத் திறந்து பாருங்க. உங்களுக்கு அது உதவலைன்னா, அப்போ தாராளமா தூக்கிடலாம்.