விட்டுப் பிடி: சால்மன் தூண்டிலும் அதன் டிராக்கும்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவிலுள்ள காம்பெல் ரிவர் ஊரில் 1924 முதல் ‘டயீ கிளப்’ என்றொரு சங்கம் இருக்கிறது. பணத்தைக் கட்டிவிட்டு அதில் உறுப்பினராகிவிட முடியாது. ஆற்றுமுகத்தில் ஒரு சினூக் சால்மனைப் பிடித்துக் காட்ட வேண்டும்; எடை 30 பவுண்டுக்குக் குறையக் கூடாது. படகைத் துடுப்புப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். செயற்கை இரை, ஒற்றைக் கொக்கி, அதிலும் எதிர்முள் கிடையாது. நூல் 20 பவுண்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கக் கூடாது.

மீன் 13.6 கிலோ, நூலோ 9 கிலோ தாங்குவது. கணக்கு உதைக்கிறதே என்று தோன்றும். ஆனால் தண்ணீருக்குள் மீனுக்கு எடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நூல் சுமப்பது மீனின் கனத்தை அல்ல, அது வாலடித்துப் பாயும் இழுப்பை. அந்த இழுப்பு ஓர் அளவைத் தாண்டும் கணத்தில் ரீல் நூலை விட்டுக்கொடுத்தால் அந்த அளவுக்கு மேல் நூலில் பளு ஏறாது. அப்படி விட்டுக்கொடுக்கிற பிரேக்கைத்தான் டிராக் என்கிறார்கள்.

புதிதாக இந்த மீன்பிடிக்கு வருகிறவர்கள் நூல் சுருளின் அட்டையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து டிராக்கை முறுக்குகிறார்கள். என் கட்சி வேறு. நூல் அறுந்து போகும் சால்மனைவிடக் கொக்கி கழன்று போகும் சால்மன்தான் அதிகம். ஆகவே டிராக்கைப் புரிந்துகொள்ள ரீலிலிருந்து தொடங்கக் கூடாது. மறுமுனையில், மீனின் வாயிலிருந்து தொடங்க வேண்டும்.

கொக்கியின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதுக்கல்தான் எதிர்முள். குத்திய கொக்கியை வெளியே வரவிடாமல் தடுப்பது அது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு எதிர்முள் உள்ள கொக்கி சட்டப்படி ஆகாது. காரணம் இருக்கிறது. அங்கே பிடிபடும் மீன்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. குஞ்சுப் பண்ணையில் பொரித்துவிடப்பட்ட கோஹோ சால்மனுக்கு முதுகின் பின்பகுதியில், வாலுக்கு முன்னால் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பை நறுக்கி அடையாளம் வைத்திருப்பார்கள். அந்தத் துடுப்பு முழுசாக இருந்தால் அது ஆற்றில் இயற்கையாகப் பிறந்ததாகக் கொள்வார்கள்; பல இடங்களில் அதைத் திரும்ப விட்டாக வேண்டும். எதிர்முள் இல்லாத கொக்கியென்றால், மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலேயே குறடால் ஒரு திருப்புத் திருப்பி விடுவித்துவிடலாம்.

மீனுக்கு இது நல்லது, பிடிக்கிறவருக்குத்தான் சிக்கல். நூல் ஒரு நொடி தொய்ந்தாலும் கொக்கி நழுவிவிடும். தொய்யக் கூடாதென்று இறுக்கிப் பிடித்தால் வேறு விதமாகக் கெடும்: கோஹோவின் வாய்ச்சதை மென்மையானது, இழுக்க இழுக்கக் கொக்கி போட்ட துளை பெரிதாகிக்கொண்டே போகும். தொய்வுக்கும் கிழிசலுக்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. டிராக் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

கொக்கிக்கு மேலே வருவது ஃப்ளாஷர். சுமார் 28 சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டையான பிளாஸ்டிக் பட்டை. இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கமாக இலேசாக வளைந்திருக்கும். ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும் இந்த முறைக்கு ட்ரோலிங் என்று பெயர். படகு மணிக்கு இரண்டு, மூன்று கடல் மைல் வேகத்தில் ஊர்ந்தால் போதும், ஃப்ளாஷர் முழு வட்டமடித்துச் சுழல ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஒளி வெட்டு. எங்கோ ஒரு சால்மன் இரைமீனைத் துரத்துகிறது என்று மற்ற சால்மன்களுக்குத் தோன்ற வைப்பது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாதது: பின்னால் வரும் இரையை அது ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி வெட்டி இழுக்கிறது.

இந்த இரண்டாவது வேலை புரிந்தால், ஃப்ளாஷருக்கும் இரைக்கும் நடுவே வரும் ‘லீடர்’ நூலை எவ்வளவு நீளம் வைப்பது என்பது தானாக விளங்கும். கணவாய்க் குஞ்சுபோல் பிளாஸ்டிக் தொங்கல்கள் கொண்ட ஹூச்சி என்ற இரைக்குச் சொந்தமாக அசைவே கிடையாது. அது உயிருள்ளதுபோல் துள்ள வேண்டுமானால் ஃப்ளாஷரின் வெட்டு முழுதாக அதைப் போய்ச் சேர வேண்டும். எனவே லீடர் குட்டையாக, 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள். தடிமனாகவும் இருக்க வேண்டும். 30, 40 பவுண்டு தங்கூசி போடுவது பலத்துக்காக அல்ல, விறைப்புக்காக. மெல்லிய நூல் வளைந்து கொடுத்து வெட்டை வழியிலேயே விழுங்கிவிடும். உலோகக் கரண்டிபோல் இருக்கும் ஸ்பூன் வேறு ஜாதி. தண்ணீர் மோதினாலே அது ஆடும். அதற்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் விடலாம். தலைக்கவசம் மாட்டிய நெத்திலிக்கும் ஏறக்குறைய அதே நீளம். அந்த நெத்திலி தானாகவே உருண்டு வர வேண்டும், ஃப்ளாஷர் அதை உலுக்கிவிடக் கூடாது.

கோலின் நீளத்தையும் இந்த லீடர்தான் தீர்மானிக்கிறது. ஃப்ளாஷர் கோல் நுனியின் வளையத்துக்குள் நுழையாது. அது நுனியில் வந்து முட்டியதும் அதற்கு மேல் சுற்ற முடியாது. மீனோ இன்னும் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும். மூன்று மீட்டருக்கு மேற்பட்ட கோலைப் பின்னால் சாய்த்தால்தான் மீன் வலைக்கு எட்டும். பிரிட்டிஷ் கொலம்பியப் படகுகளில் பத்தரை அடிக் கோல்களைப் பார்த்து வியக்கிறவர்களுக்கு விடை இது.

நூலும் ஃப்ளாஷரும் சேரும் இடங்களில் பால் பேரிங் வைத்த சுழலிகளைப் போடுவதில் கஞ்சத்தனம் கூடாது. மலிவான சுழலி பளு ஏறினால் சுழலாது, ஃப்ளாஷரின் முறுக்கெல்லாம் நூலில் ஏறிவிடும். நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள். முப்பது, நாற்பது மீட்டர் ஆழத்தில் சிவப்பு வெளிச்சம் எட்டாது, நீலமும் பச்சையும்தான் மிஞ்சும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பேச்சைக் காதில் வாங்க வேண்டியதில்லை.

அந்த ஆழத்துக்கு இரையைக் கொண்டுபோவது டவுன்ரிக்கர். தனிக் கம்பியில் 10 முதல் 15 பவுண்டு ஈயக் குண்டைக் கீழே இறக்கி, அதன் அருகில் ஒரு கிளிப்பில் தூண்டில் நூலைக் கவ்வவிடுகிறார்கள். கோல் வில்லாக வளைந்து காத்திருக்கும். சால்மன் கவ்வி இழுத்ததும் கிளிப் நூலை விடுகிறது. கோல் விசுக்கென்று நிமிர்ந்து தொய்வை எடுத்துக்கொள்கிறது. கொக்கி பாதி ஏறுவது அந்தக் கிளிப்பின் பிடிமானத்தில்தான். அதன் பின்தான் டிராக்குக்கு வேலை.

பொது வழக்கு, நூலின் தாங்குதிறனில் கால் பங்கு. 25 பவுண்டு நூலென்றால் ஏறத்தாழ 2.8 கிலோ. இதை உச்சவரம்பாக எடுத்துக்கொண்டு, எதிர்முள் இல்லாத கொக்கிக்கு இன்னும் தளர்த்துவது நல்லது. அளக்க ஒரு வில் தராசு போதும். ஆனால் ரீலிலிருந்து நேராக இழுத்து அளப்பது வீண். நூலைக் கோலின் வளையங்கள் வழியே விட்டு, மீன் இழுப்பதுபோல் கோலை வளைத்துப் பிடித்து அளக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்திலும் நூல் உரசுவதால் எண் கூடுதலாகவே வரும், மீன் உணர்வதும் அந்தக் கூடுதல் எண்ணைத்தான். தராசில் இன்னொன்றையும் கவனியுங்கள்: முள் உச்சிக்குப் போய்ச் சற்று இறங்கி நிற்கிறதா? டிராக்குக்குள் அசையாமல் இருக்கும் உராய்வுத் தட்டுகளைக் கிளப்ப அதிக விசை தேவை, ஓட ஆரம்பித்தபின் குறைவு. அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த ரீல் வாயைக் கிழிக்கும்.

சரியாக வைத்த டிராக்கும் அப்படியே நிற்காது. நூல் வெளியேற வெளியேற, ரீலில் அதைச் சுற்றிவைத்திருக்கும் உருளையின் சுற்று சிறுத்துக்கொண்டே வரும். நிறைந்த உருளையின் ஆரம் 5 சென்டிமீட்டர், மீன் ஓடியபின் 3.5 என்று வையுங்கள். உள்ளே தட்டுகளின் பிடி மாறவில்லை. ஆனால் 2 கிலோவாக இருந்த இழுப்பு 2.9 கிலோ ஆகிவிட்டது. வெளியே கிடக்கும் நூறு மீட்டர் நூலையும் ஃப்ளாஷரையும் தண்ணீர் தடுப்பது வேறு. ஓடுகிற மீனைக் கண்டு பதறி டிராக்கை முறுக்கத்தான் கை போகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: தூரம் கூடக் கூட இலேசாகத் தளர்த்த வேண்டும்.

இதனால்தான் அந்த மேற்குக் கரையில் இன்னும் ஒன்றுக்கு ஒன்று ரீலைக் கைவிட மாட்டேன் என்கிறார்கள். பல்சக்கரம் கிடையாது, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளையும் ஒரே சுற்று. மீன் பாய்ந்தால் கைப்பிடி தலைகீழாகச் சுழன்று விரல் மூட்டைப் பதம்பார்க்கும். செல்லப்பெயரே ‘நக்கிள் பஸ்டர்’. ஆனால் டிராக்கைத் தளர்வாக வைத்துக்கொண்டு, மீதிப் பிடியை உருளையின் விளிம்பில் உள்ளங்கையை அழுத்திக் கூட்டலாம், எடுத்தால் உடனே குறையும். எந்தத் திருகும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. டொராண்டோவின் ஸ்கார்பரோ தமிழர்களின் வாசலில் கிடக்கும் ஒன்டாரியோ ஏரியிலும் இதே சினூக் உண்டு. 1960களின் இறுதியில் தொடங்கி மனிதர்கள் கொண்டுவந்து விட்ட வம்சம். அங்கே பல்சக்கர ரீலும் நட்சத்திரத் திருகும்தான் வழக்கம். அதில் விளிம்பை அழுத்தும் வசதி இல்லாததால் ஆரம்ப அளவைச் சரியாக வைப்பது இன்னும் முக்கியம்.

படகைக் கண்டதும் சால்மன் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும். வெளியே நூல் குறைவு, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள நெகிழ்வும் குறைவு. வலையை எடுக்கச் சொல்லும்போதே டிராக்கைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுவது அனுபவசாலிகள் பழக்கம். வீட்டுக்கு வந்தபின் ரீலை நல்ல தண்ணீரில் அலசி, டிராக்கை முழுசாகத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் தட்டுகள் ஒட்டிக்கொண்டு, அடுத்த பருவத்தின் முதல் மீனுக்குத் திக்கித் திக்கி நூலை விடும்.