சபையை மறுத்தவர்கள் – 9
சம்பளம் வேண்டாம் என்ற அருளப்பன்

லியோன் நகரத்து வணிகர் வால்டோவின் கூட்டத்தாரைப் போன வாரம் பார்த்தோம். அனுமதி பெறாமல் பிரசங்கித்தார்கள் என்பது அவர்கள் மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டு. 1184இல் ரோமாபுரி அவர்களைச் சபைக்கு வெளியே தள்ளியது. அறுநூற்றைம்பது ஆண்டு கழித்து அதே வழக்கு திருநெல்வேலிச் சீமையிலும் எழுந்தது. குருப்பட்டம் பெறாத ஒருவர் திருவிருந்து நடத்தலாமா? நடத்தலாம் என்று செய்தே காட்டியவர் ஒரு தமிழர்.

அவர் கதை ரேனியஸ் ஐயரிடமிருந்து தொடங்குகிறது. பிரஷ்யாவில் பிறந்து 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், சி.எம்.எஸ். மிஷனின் சம்பளத்தில் இருந்தாலும் ஆங்கிலிக்கன் சபையின் சட்டதிட்டங்களை முழுதாக ஏற்றவர் அல்ல. தன்னிடம் படித்துத் தேறிய உபதேசியார்களுக்கு மிஷனரிகளே குருப்பட்டம் கொடுக்கலாம் என்றார். பேராயர் கைவைத்தால்தான் செல்லும் என்றது மிஷன். ஆங்கிலிக்கன் சபையைக் கடுமையாக விமர்சித்து அவர் எழுதிய பிரசுரம் வெளிவந்ததும் 1835இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆற்காட்டுக்குப் போனார். உபதேசியார்கள் அழைக்க, சில மாதங்களிலேயே திரும்பி வந்தார். சபை இரண்டாக உடைந்தது. 1838 ஜூனில் அவர் இறந்த பிறகு பிரிந்தவர்களில் பெரும்பாலோர் பழைய மிஷனுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

திரும்பாமல் தனி வழி போனவர், அவரிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். 1833இல் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தப் பக்கம் வந்தார். எக்ஸிட்டர் நகரத்தில் பல் வைத்தியம் பார்த்தவர், தொழிலை விட்டுவிட்டு பாக்தாத் வரை போய் ஊழியம் செய்தவர். விசுவாசிகள் கூடும் இடத்தில் யாரும் அப்பம் பிட்கலாம், அதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை என்று சொல்லும் சகோதரர் சபையைச் சேர்ந்தவர். ஊழியர்கள் தங்கள் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும் என்று சித்தூரில் பண்ணை வைத்து நடத்தினார். அருளப்பன் அவரோடு போனார்.

திரும்பி வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கினார். அங்கிருந்து கிழக்கே நடந்தால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் விரியும். வானம் பார்த்த பூமி. மழை தவறினால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. அந்த ஊர்களில் மாதம் தவறாமல் வரும் மிஷன் சம்பளத்துக்கு என்ன மதிப்பு என்பதைக் கரிசல்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அருளப்பன் அந்தச் சம்பளத்தை வேண்டாம் என்றார். கூடுதலாகத் தருகிறோம் என்று ஆசை காட்டியபோதும் அவர் அசையவில்லை என்று குரோவ்ஸ் எழுதியிருக்கிறார். சம்பளம் கொடுக்கிறவன்தான் என்ன பேச வேண்டும், யாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதையும் முடிவு செய்வான். அருளப்பன் இதைத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார் என்பதே என் கருத்து. அவருடைய மறுப்பில் மிகக் கனமானதும் இதுதான். வேதசாஸ்திர வாதங்களெல்லாம் அதற்குப் பிறகு.

பட்டம் பெறாத அருளப்பனும் இன்னொரு தமிழ் ஊழியரும் ஊர்க் கிறிஸ்தவர்களோடு உட்கார்ந்து திருவிருந்து எடுத்தார்கள். அது கிளப்பிய பரபரப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. அதுவரை பட்டம் பெற்றவர் கை படாமல் அப்பமும் ரசமும் யாருக்கும் கிடைத்ததில்லை. உழுதுவிட்டு வந்த கையால் அப்பம் பிட்டால் அது திருவிருந்தா என்ற கேள்வி பல ஊர்களில் எழுந்தது.

அதே கரிசலில் மிஷன் தரப்பிலும் ஒரு நல்ல மனிதர் இருந்தார். கேம்பிரிட்ஜில் பெரிய பதவியை விட்டு வந்த ராக்லண்ட், 1854 முதல் வடதிருநெல்வேலியில் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றினார். 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். அவர் பாடுபட்ட ஊர்களுக்கு எழுப்புதல் வந்தபோது அவர் இல்லை. அது வந்தது அருளப்பனின் ஆட்கள் வழியாக.

1860 மார்ச்சில் கிறிஸ்டியான்பேட்டையில் அது தொடங்கியது. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் இப்படி நடந்திருந்தது. இங்கே ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், பாவங்களைச் சொல்லிக் கதறினார்கள். சிலர் அந்நிய பாஷையில் பேசினார்கள், வேறு சிலர் அதற்கு அர்த்தம் சொன்னார்கள். பெண்களும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். சம்பளம் வாங்காத சாதாரண ஜனங்கள் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்கள். சி.எம்.எஸ். கிராமங்களுக்கும் அது பரவியது. மிஷனரிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். சிலர், வெள்ளைக்காரர் முன்னின்று நடத்தாமலே இது நடக்கிறதே என்று வியந்து எழுதினார்கள். உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாக எல்லோரும் சொல்லும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதல் நடந்தது 1906இல். கரிசலின் ஓரத்தில் அதற்கு 46 ஆண்டுகள் முன்பே நடந்துவிட்டது.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. திருவிதாங்கூரில் 1870களில் எழுந்த எழுப்புதலில் முன்னின்ற யுஸ்தூஸ் யோசேப்பு, கிறிஸ்து 1881இல் திரும்பி வருவார் என்று நாள் குறித்தார். நம்பிக் காத்திருந்த குடும்பங்கள் பெரிய ஏமாற்றத்தை அனுபவித்தன. கேள்வி கேட்க ஆள் இல்லாத சபையில் தீர்க்கதரிசி சொன்னதே சட்டமாகிவிடும். பேராயரை மறுத்தவர்கள் எல்லோரையும் நான் கொண்டாடவில்லை. அருளப்பனை மதிப்பது வேறு காரணத்துக்காக: சொந்தக் காலில் நிற்கும் தமிழ்ச் சபை முடியும் என்று, அப்படி ஒன்று முடியாது என்று மிஷன்கள் எண்ணியிருந்த காலத்தில் நடத்திக் காட்டினார்.

அருளப்பன் 1867இல் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகளைத் தொகுத்து லாங் என்ற ஆங்கிலேயர் 1939இல் லண்டனில் புத்தகமாக்கினார். அவரைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி அதிலிருந்து வருகிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் உபதேசியார் தாத்தாவின் நாட்குறிப்போ, பழைய ஞானஸ்நானப் பதிவேடோ, கையெழுத்துப் பாட்டுப் புத்தகமோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதியாவது எடுத்து வையுங்கள்.

(தொடரும்)