ஒலி ஒடுங்கும் அறை

எழுத்துக்கள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியனார் பிறப்பியலில் வகுத்துக் கூறினார். நெஞ்சும் மிடறும் நாவும் இதழும் எழுத்தொலிக்கு எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். ஆயின், பிறந்த எழுத்து எங்கே சென்று ஒடுங்குகின்றது என்னும் வினா அண்மைக்காலம் வரை என் சிந்தையில் எழுந்ததில்லை. என் வீட்டுச் சீமெந்துச் சுவர்களே அதனை எனக்குக் கற்பித்தன.

என் ஆசிரியர் ஒருவர் கந்தபுராண படனத்தில் வல்லவர். செய்யுளைச் சீர் பிரித்து இராகத்தோடு வாசித்துப் பயன் சொல்லும் அப்பழைய முறையை அவரிடம் கேட்டவர் பலர். கைக்கொண்டவர் மிகச் சிலர். அவருக்கு எண்பது அகவை கடந்தபோது, அக்குரலைப் பதிந்துவைத்தல் வேண்டுமென எண்ணிப் புதிதாகக் கட்டிய என் வீட்டுக் கூடத்துக்கு அழைத்து வந்தேன். நல்ல ஒலிவாங்கி ஒன்றை இரவல் பெற்றிருந்தேன். இரண்டு மணி நேரம் வாசித்தார், பயனும் சொன்னார். அன்று அவர் குரல் வெண்கல மணி போன்றிருந்தது.

பதிவைக் கேட்டபோதோ என் நெஞ்சு துணுக்குற்றது. குரல் இருந்தது, சொல் இல்லை. கிணற்றுக்குள் இருந்து ஒருவர் பாடுவது போன்றிருந்தது. வல்லின மெய்கள் முன்னின்ற உயிரின் முழக்கத்துள் அமிழ்ந்துபோயின. குற்றியலுகரம் இருந்த இடமே தெரியவில்லை. லகரமோ, ளகரமோ, ழகரமோ என ஐயுற வேண்டியதாயிற்று.

குறை கருவியினது என்றே முதலிற் கருதினேன். அன்று, குறை அறையினது. ஒலியானது விநாடிக்கு ஏறக்குறைய 345 மீற்றர் செல்வது. நான்கு மீற்றர் நீளமுள்ள சிறிய அறையிற்கூட அஃது ஒரு விநாடிக்குள் எண்பது முறைக்கு மேல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். பூசிய சுவரும், ரைல்ஸ் பதித்த தரையும், கண்ணாடி யன்னலும் ஒவ்வொரு மோதலிலும் நூற்றில் இரண்டு மூன்று பங்கையே உண்ணும், எஞ்சியதைத் திருப்பியனுப்பும். குறிலுக்கு ஒரு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்பது இலக்கணம். கண்ணிமைப் பொழுதிற் பாதியே வாழும் மெய், முன் பிறந்த நெடிலின் முழக்கம் இன்னும் அடங்காமையால், பிறக்கும்போதே மூடுண்டு போகின்றது. எதிரே இருந்து கேட்பவனுக்கு இரு செவிகளும் மனமும் சேர்ந்து சொல்லைப் பிரித்துக் கொடுக்கும். ஒற்றைச் செவியையுடைய ஒலிவாங்கிக்கு அவ்விவேகம் இல்லை.

இவ்விடர்ப்பாட்டை முதன்முதல் அளந்தறிந்தவர் அமெரிக்க நாட்டு ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் இளம் பௌதிக ஆசிரியரான வாலஸ் சபைன் என்பவர். 1895 ஆம் ஆண்டில் அங்கே புதிதாகத் திறக்கப்பட்ட விரிவுரை மண்டபமொன்றில், பேசியது ஒருவர்க்கும் விளங்கவில்லை. அதனைச் சீர்செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் உறங்கிய பின்னர், அயலிலிருந்த நாடக மண்டபத்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஓர்கன் குழலொன்றை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்குங் காலத்தைக் கணித்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். வெறும் மண்டபத்தில் ஒலி அடங்க ஏறக்குறைய 5½ விநாடி சென்றது. மெத்தைகள் கூடக்கூட அக்காலம் குறைந்தது. அவர் கொண்ட அளவை யாதெனின், திறந்த யன்னல்! அதன்வழிச் சென்ற ஒலி மீள்வதில்லையன்றோ? அவர் கண்ட விதியைத் துணைக்கொண்டு அமைத்த பொஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900 இல் திறக்கப்பட்டு, இன்றும் இசைக்குப் புகழ்பெற்று விளங்குகின்றது.

அவ்விதி எளிது. அறையின் கன அளவை 0.161 ஆற் பெருக்கி, அறை ஒலியை உண்ணும் அளவால் வகுத்தால், ஒலியின் வலு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேயும் காலம் விநாடியில் வரும். நீளம் நான்கு, அகலம் மூன்று, உயரம் மூன்று மீற்றர் கொண்ட வெற்றறையின் கன அளவு 36. அதன் பரப்பு 66 சதுர மீற்றர். நூற்றுக்கு மூன்று வீதம் உண்ணின், அவ்வறை இரண்டு சதுர மீற்றர்த் திறந்த யன்னலுக்கே சமம். ஒலி அடங்க 2.9 விநாடி செல்லும். பத்தில் எட்டுப் பங்கை உண்ணவல்ல தடித்த பொருளைப் பன்னிரண்டு சதுர மீற்றருக்கு அமைத்தால் அக்காலம் அரை விநாடியாகிவிடும்.

இக்கணக்கை வழிகாட்டியாகக் கொண்டு என் சிறிய அறையொன்றைத் திருத்தினேன். மரச்சட்டங்களிற் பத்துச் சதமமீற்றர் தடிப்புக் கண்ணாடிப்பஞ்சை அடைத்துத் துணியாற் போர்த்தி, சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டினேன். எங்கே மாட்டுவது? வாசிப்பவர் இருக்கையில் ஒருவரை இருத்தி, ஒலிவாங்கி நிற்கும் இடத்தில் நாம் இருந்துகொண்டு, சுவர் நெடுகக் கண்ணாடியொன்றை நகர்த்துவிக்க வேண்டும். அதில் அவர் வாய் தோன்றும் இடமே ஒலி முதலில் தெறிக்கும் இடம். தாழ்ந்த ஒலிகளின் அலை மிக நீளமானது; மெல்லிய விரிப்பு அதற்குத் தடையன்று. ஆகலின் மூலைகளில் இன்னும் தடிப்பாக அடுக்கினேன். தரைக்குக் கம்பளம், யன்னலுக்கு மடிப்பு மிகுந்த திரை.

ஈண்டு மூன்று எச்சரிக்கைகள் கூறல் வேண்டும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் வரும் பயன் சொற்பமே. மலிவான பஞ்சுறையைக் கண்டபடி ஒட்டுதல் ஆபத்து: 2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்து இரவு விடுதியொன்றின் சுவரிலிருந்த அத்தகைய உறையில் வாணவேடிக்கைப் பொறி பற்றி நூறு பேர் மாண்டனர். மூன்றாவது, அறைக்குள் ஒலியை ஒடுக்குவது வேறு. தெருவோசையை வெளியே நிறுத்துவது வேறு. பின்னதற்குப் பாரமான சுவரும் இடுக்கில்லாக் கதவும் வேண்டும். அவை இல்லாத யான் முச்சக்கரவண்டிகள் ஓய்ந்த இரவு நேரத்தைத் தேர்ந்துகொண்டேன். மின்விசிறியையும் நிறுத்தினேன்.

எல்லாம் அமைத்து ஆசிரியரை மீண்டும் அழைத்தேன். முதற்பதிவுக்குப்பின் ஈராண்டு கழிந்திருந்தது; குரல் தளர்ந்திருந்தது. இரண்டு செய்யுள் வாசித்து நிறுத்திவிட்டார். "என்ன தம்பி, நான் படிக்கிறது எனக்கே கேட்கேல்லை. இந்த அறை என்ரை குரலைத் தின்னுது" என்றார். உண்மையே, ஒலியை முற்றும் உண்ணும் அறையிற் பாடுபவனுக்கு ஊக்கம் பிறவாது. அவருக்கு எதிர்ச்சுவரிலிருந்த இரண்டு சட்டங்களைக் கழற்றிப் புத்தக அலுமாரியை அங்கே நகர்த்தி, அதன் கதவுகளைத் திறந்துவைத்தேன். ஏறியும் இறங்கியும் நின்ற நூல்கள் ஒலியைச் சிதறவிட்டு மெல்ல மீட்டன. அவர் முகம் மலர்ந்தது, வாசித்தார்.

இன்று அவர் வாசிப்பதில்லை. இரண்டு பதிவுகளும் என்னிடம் உள்ளன. முன்னதில் வெண்கலக் குரல் இருக்கின்றது, சொற்களைக் காணோம். கணினியின் துணைகொண்டு முழக்கத்தை ஓரளவு குறைத்தேன். அதில் மூழ்கிய எழுத்துக்கள் மீளவில்லை. பின்னதில் குரல் நடுங்குகின்றது; ஆயினும் ஒவ்வோர் எழுத்தும் தன் மாத்திரையோடு நிற்கின்றது. மாணவர் அதனைக் கேட்டே பயில்கின்றனர்.

இத்தகைய குரலொன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனைப் பதிய ஒலிவாங்கி தேடுமுன், அறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை உடனே அடங்கின் பதியத் தொடங்கலாம். அடங்காது நின்று அதிரின், முதலில் மெத்தைகளைச் சுமந்து வாருங்கள்.