பூ போட்ட கைக்குப் பெயர் இல்லை!

புதுச்சேரிக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் "என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கடற்கரை, காந்தி சிலை, மணக்குள விநாயகர், ஆசிரமம் என்று வரிசையாகச் சொல்வார்கள். "ரோமன் ரோலண்ட் வீதியிலே ஒரு பழைய வீட்டுக்குள் போய் மேஜை விரிப்பு பார்த்தோம்" என்று சொல்கிறவர் நூற்றில் ஒருத்தர் இருந்தால் அதிகம்.

அந்த வீடுதான் குளூனி கன்னியாஸ்திரீகளின் எம்பிராய்டரி நிலையம். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். வசதி குறைந்த குடும்பத்துப் பெண்கள் அங்கே உட்கார்ந்து கையாலேயே பூ போடுகிறார்கள். மேஜை விரிப்பு, நாப்கின், படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் உருவாகின்றன. பெரும்பாலும் வெள்ளை வெளேரென்ற துணியில் வெள்ளை நூல். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கிட்டே போய் விரலால் தடவினால் இலை, கொடி, மொட்டு எல்லாம் விரலில் தட்டுப்படும்.

கையில் எடுத்துப் பார்ப்போம். விலைச் சீட்டைத் திருப்புவோம். "யம்மாடி! ஒரு மேஜை விரிப்புக்கா இவ்வளவு?" என்று மெள்ள மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவோம். நானும் அப்படிச் செய்தவள்தான், மறைக்க மாட்டேன். அந்த "இவ்வளவா?"வுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் படம் துணிக்கு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். டிசைனை வெண்ணெய்த் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு கோடுகளின் மேலேயே ஊசியால் நெருக்க நெருக்கமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு கொடிக்கு எத்தனை நூறு குத்து என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளைத் துணி மேல் பரப்பி, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைப் பஞ்சால் தொட்டுத் தேய்த்தால் ஓட்டை வழியாகப் பொட்டுப் பொட்டாகப் படம் இறங்கும். நம் தெருத் தையல்காரர்களுக்கும் தெரிந்த வித்தைதான். இப்போது சூடு பட்டால் மறைகிற பேனாவெல்லாம் கடையில் வந்துவிட்டது. ஆனால் ஒரே டிசைனை ஒரு டஜன் நாப்கினுக்கு ஒரு மயிரிழை பிசகாமல் போட வேண்டுமென்றால் குத்திய தாளுக்கு ஈடு கிடையாது. பத்திரமாக வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

அப்புறம் தையல். நாம் வீட்டில் போடுகிற சங்கிலித் தையலும் காம்புத் தையலும் இங்கே வெறும் ஆரம்பப் பாடம். சாட்டின் தையலில் இலை புடைத்து நிற்க வேண்டுமென்றால், முதலில் இலைக்குள் சின்னச் சின்ன ஓட்டுத் தையலாகப் போட்டு மெத்தை கட்ட வேண்டும். அதன்மேல் குறுக்கே, ஒரு இழைக்குப் பக்கத்தில் இன்னொரு இழை என்று ஒட்டி ஒட்டி மூடி வர வேண்டும். நூல் கொஞ்சம் இறுகினால் துணி சுருங்கும். கொஞ்சம் தளர்ந்தால் துவைத்ததும் இழை தொங்கும். முடிச்சு போடவே கூடாது. நூல் நுனியை முந்தைய தையலுக்குள் செருகித்தான் மறைக்க வேண்டும். தெரிந்தவர்கள் எம்பிராய்டரியை வாங்கும்போது முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது இதற்காகத்தான். முன்பக்கம் யாரும் ஏமாற்றலாம், பின்பக்கம் ஏமாற்ற முடியாது! நீலகிரித் தோடர் பெண்கள் இதில் கில்லாடிகள். படமே வரையாமல் இழையை எண்ணி எண்ணிப் போடுவார்கள். இரண்டு பக்கமும் உபயோகிக்கலாம். அந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

எல்லாவற்றிலும் நெஞ்சு படபடக்கிற வேலை 'கட் வொர்க்'. பிரான்சில் பதினேழாம் நூற்றாண்டில் மந்திரியாக இருந்த கார்டினல் ரிஷலியூவின் பெயரால் இதன் ஒரு வகைக்கு ரிஷலியூ வேலை என்று பெயர். பூவின் ஓரமெல்லாம் பட்டன் ஹோல் தையல் நெருக்கமாகப் போட்டு, நடுவே நூல் பாலங்கள் கட்டி, கடைசியில் நடுத்துணியைக் கத்தரித்து எடுத்துவிட வேண்டும். ஜன்னல் மாதிரி ஓட்டை விழுந்து பூ மட்டும் நிற்கும். வாரக்கணக்கில் போட்ட தையல் எல்லாம் அந்தக் கத்தரிக்கோல் நுனியை நம்பித்தான் இருக்கிறது. தையல் இழை ஒன்று வெட்டுப்பட்டால் அங்கேயிருந்து பிரிய ஆரம்பிக்கும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தையல் வகுப்பு உண்டு. ஒரு கைக்குட்டைக்கு நான்கு மூலையிலும் கட் வொர்க் போடச் சொன்னார்கள். மூன்று மூலை அழகாக வந்தது. நாலாவதில், வெட்ட வேண்டிய இடைவெளி எது, வெட்டக் கூடாத இதழ் எது என்று ஒரு நிமிஷம் குழம்பி, இதழையே நறுக்கிவிட்டேன். டீச்சர் திட்டவில்லை. கைக்குட்டையை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கட் வொர்க் தொட்டதில்லை. நான் ஒரு நாள் செய்து பயந்ததைத் தினமும் செய்து பிழைப்பு நடத்துகிறார்கள் இந்தப் பெண்கள்.

இந்த ஊர் வெயிலையும் மறந்துவிடக் கூடாது. கடலோர ஊர், வியர்வை ஓயாது. உள்ளங்கை வியர்த்தால் வெள்ளை நூல் பழுப்படிக்கும். அடிக்கடி கை கழுவித் துடைக்க வேண்டும். மடியில் சுத்தமான துணி விரித்துக்கொள்ள வேண்டும். தலை எண்ணெய் பட்டுவிடாமல், வைத்திருக்கிற கனகாம்பரம் உதிர்ந்து சாயம் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இந்த வேலை இங்கே எப்படி வந்தது? பிரான்சின் பர்கண்டி பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1779-ல் பிறந்தவர் ஆன் மரி ஜவூஏ. 1807-ல் ஒரு கன்னியர் சபையை ஆரம்பித்தார். பிறகு குளூனி என்ற ஊரில் அதற்கு வீடு அமைந்ததால் குளூனி புனித சூசையப்பர் சபை என்று பெயர் நிலைத்தது. அந்தச் சபையினர் 1827-ல் புதுச்சேரிக்கு வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு எழுத்து, வாசிப்பு, கூடவே ஊசி வேலை. அந்த அம்மையார் சாதாரணப்பட்டவர் இல்லை. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் மானா என்ற ஊரில், ஆப்பிரிக்க மக்களைச் சுதந்திர வாழ்க்கைக்குத் தயார் செய்து, 1838-ல் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விடுதலைச் சீட்டுப் பெறக் காரணமாக இருந்தவர்.

இதே காலத்தில் நம் தெற்குக் கோடியிலும் ஒரு சம்பவம். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் உண்டு. லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்கள் சிலர். "ஊசி வேலை பொழுதுபோக்குக்குத்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பிரெஞ்சுக் குடும்பங்களில் அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் என்றால் நாம் பாத்திரம் பண்டம் சேர்ப்பதுபோல அவர்கள் வெள்ளைத் துணிகள் சேர்ப்பார்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேஜைத் துணி, துவாலை எல்லாம் டஜன் கணக்கில். ஒவ்வொன்றின் மூலையிலும் பெண்ணின் பெயரெழுத்துகளைப் பின்னிப் பிணைத்து எம்பிராய்டரி செய்வார்கள். அதற்கு மோனோகிராம் என்று பெயர். இதிலே வேடிக்கையைப் பாருங்கள். துணியில் ஏறுகிற ஒரே பெயர் வாங்கினவர் பெயர். அதைத் தைத்தவர் பெயர் எங்கேயும் கிடையாது. ஓவியர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுகிறார், சிற்பி பீடத்தில் பெயர் வெட்டுகிறார். பூ போட்டவள் மட்டும் நூலை நறுக்கிவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொள்கிறாள்.

எம்பிராய்டரியிலும் பெயர் பெற்றவர்கள் இல்லாமல் இல்லை. பாரிஸில் லெசாஜ் என்ற குடும்பம் 1924-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. பெரிய பெரிய ஆடை நிறுவனங்களுக்கெல்லாம் அவர்கள் வேலைதான். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜான் பிரான்சுவா லெசாஜ் நம் சென்னைக்கு வந்து 1993-ல் 'வஸ்திரகலா' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அங்கே மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்! தமிழ்நாட்டுக் கையால் போட்ட வேலை பிரான்சின் மாளிகைகள் வரைக்கும் போயிருக்கிறது. 2023 மார்ச்சில் பாரிஸின் டியோர் நிறுவனம் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் தன் ஆடைக் காட்சியை நடத்தியபோது, இந்தியக் கை எம்பிராய்டரியைத்தான் முன்னே நிறுத்தியது. நல்லதுதான். ஆனாலும் அங்கேயும் பத்திரிகையில் வந்தது நிறுவனத்தின் பெயர்.

பூக்காரிகளுக்குப் பூ எங்கிருந்து கிடைக்கிறது? ஒரு வழி, புத்தகம். தெரேஸ் தெ தில்மோன் என்ற அம்மையார் 1886-ல் எழுதிய ஊசி வேலைக் கலைக்களஞ்சியம் உலகம் முழுக்கப் போனது. டி.எம்.சி. என்று நூல் சிட்டங்களில் பார்க்கிறோமே, அந்த பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தவர் அவர். ஆனால் புதுவைப் பெண்ணுக்குப் புத்தகம் எதற்கு? விடிந்ததும் வாசலில் போடுகிற கோலத்தில் புள்ளி இருக்கிறது, வளைவு இருக்கிறது, மூலை திரும்புகிற கணக்கு இருக்கிறது. மேஜை விரிப்பின் நாலு மூலையில் கொடி எப்படித் திரும்ப வேண்டும் என்கிற தொல்லைக்குக் கோலம் போடுகிற கை பாதி பதில் சொல்லிவிடும். வெள்ளை வீதிகளின் மதிலெல்லாம் வழிகிற காகிதப்பூவுக்கும் குறைச்சல் இல்லை.

இன்னொரு வழி ஆசிரமம். அன்னை என்று நாம் சொல்கிறவர் 1878-ல் பாரிஸில் பிறந்தவர், அங்கே முறையாக ஓவியம் பயின்றவர். 1920-ல் புதுவைக்கே வந்து தங்கிவிட்டார். நூற்றுக்கணக்கான பூக்களுக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் சொல்லிப் பெயர் வைத்தவர் அவர். ஆசிரமப் பெண்கள் அவருக்காகப் புடவைகளில் எம்பிராய்டரி செய்தார்கள். எம்பிராய்டரிக்கென்றே ஒரு பிரிவு வளர்ந்தது. அங்கே பூ வெறும் அலங்காரம் இல்லை, ஒரு வார்த்தை மாதிரி. துணி நெய்த பெரிய ஆலைகளின் கதை வேறு. 1898-ல் ஆரம்பித்த ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டது. ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கலைக்கு மூலதனம் கண். நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து வரும். கிட்டே இருப்பது மங்கும், ஊசியில் நூல் கோர்க்கக் கை நீண்டுகொண்டே போகும். இது நோய் இல்லை, எல்லோருக்கும் வருவது. ஆனால் நம் பெண்கள் கண்ணாடி போட வெட்கப்பட்டு, "இனிமே என்னால முடியாது" என்று ஊசியையே வைத்துவிடுகிறார்கள். கை தேர்ந்திருக்கிற வயதில் கலையை மூட்டை கட்டுவதா? அஸ்ஸாமில் தேயிலை பறிக்கிற நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில், கண்ணாடி கிடைக்காதவர்களைவிட இவர்கள் பறித்த இலை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. ஒரு சாதாரண மூக்குக்கண்ணாடி செய்த வேலை இது!

நடைபாதையில் விற்கிற கண்ணாடியை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டி, கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் விழித்திரையையும் காட்டியே ஆக வேண்டும். தைக்கும்போது வலது கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரட்டும். துணியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள், கழுத்தைத் துணிக்குத் தாழ்த்தாதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து தூரத்து மரத்தையோ மாடியையோ பாருங்கள். மணிக்கொரு தரம் எழுந்து தோளைச் சுழற்றுங்கள். அங்குஸ்தான் என்கிற விரல் கவசத்தைச் சோம்பல்படாமல் மாட்டுங்கள். குழந்தை தவழ்கிற வீட்டில் ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்.

வீட்டிலிருந்தபடியே பூ போட்டுக் கொடுக்கிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விலை சொல்லும்போது துணிக்கும் நூலுக்கும் மட்டும் கணக்குச் சொல்கிறீர்கள். உட்கார்ந்த மணி நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தாளில் குத்திய நேரமும், பிரித்துப் போட்ட நேரமும் சேர்த்துத்தான். "தெரிஞ்சவங்கதானே, சும்மா போட்டுக் கொடு" என்பவர்களிடம் அந்த நோட்டைக் காட்டலாம். முடித்த துணியின் பின்பக்கம், ஓர மடிப்புக்குள்ளே, உங்கள் முதலெழுத்தை ஒற்றை இழையில் போட்டுவிடுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

வாங்குகிறவர்களுக்கும் உண்டு. கை எம்பிராய்டரியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் ஒத்தி எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர் கிட்டேயே வரக் கூடாது. லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள், ஆனால் முன்பக்கம் போடக் கூடாது. மேஜை மேல் தடிமனான துவாலையை விரித்து, பூவைக் குப்புறக் கவிழ்த்து, பின்பக்கமாக அழுத்துங்கள். துவாலைக்குள் பூ புதைந்து, திருப்பினால் புடைத்துக்கொண்டு நிற்கும்.