மார்க்கு கூடினால் தோல்வி!

பள்ளிக்கூடத்தில் மார்க்கு கூடினால் மகிழ்ச்சி. அப்பா மிட்டாய் வாங்கித் தருவார். ஆனால் ஒரு மார்க்கு கூடிப் போனாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறவர்கள் இருந்தார்கள். எங்கே? அமெரிக்காவில். கார் பந்தயப் பாதையில்!

இவர்கள் தொழில் முறைப் பந்தயக்காரர்கள் அல்ல. வாரம் முழுவதும் வேலை பார்ப்பார்கள். சனி, ஞாயிறு வந்தால் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு பந்தயப் பாதைக்குப் போவார்கள். பெரிய பரிசுப் பணம் கிடையாது. செலவெல்லாம் சொந்தப் பணம்.

இந்தப் போட்டிகளை நடத்தும் சங்கங்களில் ஒன்றின் பெயர் "நாசா". சந்திரனுக்கு ராக்கெட் விடுகிற நாசா என்று நினைத்து விடாதீர்கள்! இது வேறு. "நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன்" என்பதன் சுருக்கம். 1991-ம் ஆண்டில் தொடங்கிய சங்கம்.

கடிகாரத்தோடு போட்டி

இந்தப் போட்டியில் முண்டியடித்துக்கொண்டு முதலில் வர வேண்டியது இல்லை. பாதையில் பல கார்கள் ஓடும். ஆனால் ஒவ்வொருவருக்கும் எதிரி கடிகாரம்தான். காரில் ஒரு சிறிய கருவி இருக்கும். கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அது நேரத்தைக் காட்டிக் கொடுத்து விடும். யாருடைய சுற்று மிகக் குறைந்த நேரத்தில் முடிந்ததோ அவருக்கு வெற்றி.

கலிபோர்னியாவில் லகுனா சேகா என்ற பாதை இருக்கிறது. 1957-ல் திறந்தது. ஒரு சுற்று 2.238 மைல். அதில் 11 திருப்பங்கள். ஓர் இடத்தில் பாதை இடமும் வலமுமாக நெளிந்து, சுமார் 59 அடி பள்ளத்தில் இறங்குகிறது. மேலிருந்து வருகிறவருக்குப் பாதையே தெரியாது, வானம்தான் தெரியும்! இப்படிப்பட்ட இடங்களில் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கத்தான் இவ்வளவு பாடும்.

மார்க்கு எதற்கு?

பெரிய காரையும் சின்னக் காரையும் ஒன்றாக ஓட விட்டால் நியாயமா? அதனால் கார்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள். ஏ, பி, சி, டி என்று எழுத்துப் பெயர். ஏ வகுப்பில் வேகமான கார்கள். கீழே போகப் போக வேகம் குறைந்த கார்கள்.

இதில் ஒரு தொல்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே காரை ஓட்டுகிறவர் யார்? ஒருவர் டயரை மாற்றுவார். ஒருவர் என்ஜினை மாற்றுவார். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இத்தனை மார்க்கு என்று சங்கம் ஒரு பட்டியல் போட்டது. 19 மார்க்கு வரை அதே வகுப்பில் இருக்கலாம். 20 ஆகிவிட்டால் ஒரு வகுப்பு மேலே தள்ளி விடுவார்கள். 40 ஆனால் இரண்டு வகுப்பு!

அதாவது கையில் 19 ரூபாய் கொடுத்துச் சந்தைக்கு அனுப்புகிற மாதிரி. எதை வாங்குவது, எதை விடுவது? வீட்டுக் கணக்குப் போடும் தாய்மார்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரியும்.

இரண்டு வாலிபர்கள்

இரண்டு வாலிபர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரிடமும் ஒரே மாதிரி மாஸ்டா மியாட்டா கார். இரண்டே பேர் உட்காரும் சின்னக் கார். 1989-ல் வந்தது. சுமார் 116 குதிரைச் சக்தி. மார்க்கு விவரத்தையும், கணக்குப் புரிவதற்காக, நாமே போட்டுக்கொள்வோம்.

முதல் வாலிபனுக்கு என்ஜின்மேல் ஆசை. காற்று உள்ளே போகும் குழாயை மாற்றினான். புகைக் குழாயை மாற்றினான். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரையும் மாற்றினான். 12 மார்க்கு. பின்னால் விமான இறக்கை போல ஒன்றைப் பொருத்தினான். 4 மார்க்கு. அகலமான சக்கரம் போட்டான். இன்னொரு 4. கார் பார்க்க ஜோராக இருந்தது. சத்தமும் ஜோர்!

கூட்டிப் பாருங்கள். 20! ஒரே ஒரு மார்க்கு கூடிவிட்டது. மேல் வகுப்புக்குப் போய்விட்டான். அங்கே இருந்த கார்கள் பிறவியிலேயே பலசாலிகள். பணமும் போயிற்று, பந்தயமும் போயிற்று.

இரண்டாவது வாலிபன் என்ஜினைத் தொடவில்லை. நல்ல பந்தய டயர் வாங்கினான். 10 மார்க்கு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றினான். 6. திருப்பத்தில் கார் சாயாமல் பிடிக்கும் இரும்புக் கம்பியைப் பருமனாக்கினான். 2. மொத்தம் 18. கையில் ஒரு மார்க்கு மிச்சம்!

டயரில் அப்படி என்ன இருக்கிறது?

கார் எவ்வளவு பெரியதானாலும் தரையைத் தொடுவது நான்கு இடத்தில்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. ஓடுவது, நிற்பது, திரும்புவது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கையால்தான்.

என்ஜின் பலம் நேர் பாதையில் உதவும். திருப்பத்தில்? அங்கே காலை எடுத்துத்தானே ஆக வேண்டும்! ஆனால் டயரின் பிடி சுற்று முழுவதும் உதவும். திருப்பத்தை விட்டு வெளியே வரும்போது மூன்று மைல் வேகம் கூட இருந்தால், அந்த வேகம் அடுத்த நேர் பாதையிலும் கூடவே வரும்.

டயருக்கு ஒரு குறையும் உண்டு. நன்றாகப் பிடிக்கும் ரப்பர் மெதுவான ரப்பர். சீக்கிரம் தேய்ந்துவிடும். மார்க்குக் கணக்கில் லாபம். பணக் கணக்கில் அடிக்கடி செலவு. குடும்பஸ்தர்கள் பலர் கொஞ்சம் கடினமான டயரைப் போட்டுக்கொண்டு, மிச்சப்பட்ட மார்க்கை வேறு சாமானுக்குச் செலவழித்தார்கள். அதுவும் கெட்டிக்காரத்தனந்தான் என்பது என் எண்ணம்.

இனாமாகக் கிடைத்தவை

சில மாற்றங்களுக்கு மார்க்கே இல்லை. பிரேக் பேடு ஒன்று. கவிழ்ந்தாலும் தலையைக் காக்கும் இரும்பு வளைவு ஒன்று. இனாமாகக் கிடைப்பதைப் பலர் அலட்சியம் செய்வது உலக வழக்கம். இங்கே அந்த அலட்சியம் உயிருக்கு ஆபத்து!

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக்குக்கு வேலை நான்கு மடங்கு. நாலு சுற்று வேகமாகப் போனால் பிரேக் கொதிக்கும். பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துவிடும். "டாட் 4" என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சூடு தாங்க வேண்டும். ஈரம் குடித்த பிறகு 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பது விதி. அதற்கு மேல் போனால் கொதித்து ஆவியாகும். காலை வைத்து அழுத்தினால் பெடல் தரைமட்டும் போகும், கார் நிற்காது! அந்த 59 அடிப் பள்ளத்துக்கு முன்னால் இப்படி நடந்தால்?

அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் ஆயிலை மாற்று, பேடை மாற்று, பிறகு மற்றதைப் பேசலாம் என்கிறார்கள்.

இன்னொன்று: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. மாற்றினால் எதனால் நேரம் குறைந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஓட்டி, நேரத்தை நோட்டில் எழுதி, பிறகுதான் அடுத்தது.

பொய் சொன்னால்?

என்னென்ன மாற்றினோம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மறைக்கலாமே என்று தோன்றுகிறதா? ஓட்டம் முடிந்ததும் காரைத் தராசில் ஏற்றுவார்கள், ஓட்டியவரோடு சேர்த்து! சந்தேகம் என்றால் என்ஜினின் பலத்தையும் கருவியில் வைத்து அளப்பார்கள். கூடப் போட்டியிட்டவரும் புகார் கொடுக்கலாம்.

இப்போது எப்படி?

மார்க்குப் பட்டியல் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போயிற்று. படித்து முடிப்பதே ஒரு வேலை. கடைசியில் இந்தச் சங்கம் எழுத்து வகுப்புகளை விட்டுவிட்டு, எடைக்கும் பலத்துக்கும் உள்ள கணக்குக்கு வந்துவிட்டது. "டிடி-3" வகுப்பு என்றால் அடிப்படைக் கணக்கு, ஒரு குதிரைச் சக்திக்கு 10 பவுண்டு எடை. 250 குதிரைச் சக்தி என்றால் 2,500 பவுண்டு இருக்க வேண்டும். டயர் முதலியவற்றுக்குக் கூட்டல் கழித்தலும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. காரை லேசாக்க வேண்டும் என்று பின் ஸீட்டைக் கழற்றுவார்கள். தரை விரிப்பைக் கழற்றுவார்கள். தராசில் ஏற்றினால் எடை குறைந்திருக்கும். உடனே கனமான இரும்புத் தகடுகளை வாங்கி வந்து, அதே காரின் தரையில் போல்ட்டு போட்டு முடுக்குவார்கள்!

"கழற்றிய ஸீட்டையே திரும்ப மாட்டினால் என்ன?" என்று வீட்டம்மா கேட்பது நியாயந்தான். ஸீட்டை அதன் இடத்தில்தான் மாட்ட முடியும். இரும்பை, விதி இடம் கொடுக்கும் வரை, வேண்டிய பக்கத்தில் தாழ்வாக வைக்கலாம். அந்த ஒரு சாண் வித்தியாசத்தில் திருப்பத்தில் கார் எப்படி வளைகிறது என்று பார்க்கத்தான் அடுத்த சனிக்கிழமையும் போகிறார்கள்.